புத்தம் புதுப் பெட்டியில் ஒரு மயிரிழை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்கள் சமூகத்திற்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் கியர்பாக்ஸ் கடையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கடையைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. என் மகள் டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இயந்திரம் படுக்கையில் விழுவதற்கு முன்பே அதற்கு என்ன வியாதி என்று சொல்கிற டாக்டர். அவள் இந்தப் படிப்பில் சேர்ந்த புதிதில், எங்கள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்பிள்ளை, பொண்ணு கியர்பாக்ஸுக்குக் காது கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா, நீங்களும் வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

அவள் படிப்பு இன்னதென்று தங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கியர்பாக்ஸ் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. ஒரு பல்லில் மயிரிழை விரிசல் விட்டால் நம் காதுக்கு ஒன்றும் கேட்காது; பல் முழுசாக உடைந்து, பட்டறையே நின்ற பிறகுதான் முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் விரிசல் விட்ட அன்றைக்கே பெட்டியின் அதிர்வு துளி மாறிவிடுமாம். சட்டைப் பொத்தான் அளவு சென்சாரைப் பெட்டியின் மேல் ஒட்டி, அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டர் மூலம் பிடித்து, இன்ன சக்கரத்தில் இன்ன இடத்தில் சேதம் என்று சொல்லிவிடுவதுதான் அவள் கண்டுபிடித்த முறை. இதற்காக நல்ல நல்ல சக்கரங்களை எடுத்து வேண்டுமென்றே கீறி வைப்பாள். "நல்லதைக் கெடுத்துத்தான் படிக்கணுமாம்மா?" என்று கேட்டால், "கெட்டது எப்படிப் பேசும்னு தெரியணும்ல அப்பா" என்பாள். உங்கள் மருமகள் இப்படித்தான் எதிர்த்துப் பேசுவாள். (கவனிக்கவும்: பட்டம் வாங்கும்போது என் மகள், எதிர்த்துப் பேசும்போது உங்கள் மருமகள்.)

எல்லாம் முடிந்து கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. கெட்ட பெட்டியைக் கெட்டது என்று சொன்னால் போதாது, நல்ல பெட்டியை நல்லது என்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் தங்களிடம் ஒரு பெட்டி கேட்டோம். தாங்களும் "புத்தம் புதுசு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள். பார்சல் ஆபீசில் ஒரு ஆயுசையே கழித்தவன் நான். என் கையிலிருந்து ஒரு பார்சல் கீழே விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே கூலியாள் வேண்டாம் என்று நானே சுமந்தேன். சோதனைக்கூடம் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது, அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யவில்லை, மாடிப்படியில் ஓரிடத்தில் மூச்சு வாங்குவதற்காகப் பெட்டியைச் சற்றே இறக்கி வைத்தேன், பிறகு அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்திருந்ததைப் பார்த்து நானே நீலப் பெயிண்ட் வாங்கிப் பூசியும் விட்டேன். பெட்டி பார்க்க மணப்பெண் போல இருந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கண்டம். சென்சாரை ஒட்டி ஓடவிட்டால் சிவப்பு விளக்கு, அதாவது பெட்டிக்குள் சேதம். திரும்ப ஓடவிட்டால் திரும்பச் சிவப்பு விளக்கு. சென்சாரை மாற்றினாள், ஒயரை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், பெட்டியைத் தரையோடு பிணைத்த போல்ட்டைக் கழற்றிப் பூட்டினாள். அந்த விளக்கு அசைந்து கொடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால், அவள் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியை, அதாவது கைடு அம்மா, விடவில்லை. கடையிலிருந்து வந்தபடியே மூடி கழற்றாமல் இருந்தால்தான் அது நல்ல பெட்டிக்குச் சாட்சி, பரிசோதகர் வந்து பார்க்கும்வரை திறக்கக்கூடாது என்பது அவர்கள் துறையின் சட்டம். "தப்பு பெட்டியில இல்லம்மா, உன் முறையில" என்று அந்த அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வைவா என்கிற கடைசி வாய்மொழித் தேர்வில் இது தேறாவிட்டால் பட்டம் கிடையாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்லவங்களைப் பாத்து நோயாளின்னு சொல்ற வைத்தியம் யாருக்குப்பா வேணும்" என்று கேட்டாள். அந்த விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிடலாமே என்று யோசனை சொன்னேன். பார்த்தாள் ஒரு பார்வை. பார்சல் ஆபீசில் நான் தொழிற்சங்கத் தலைவராக இருந்த காலத்தில்கூட மேலதிகாரிகள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வைவா அன்று நானும் தங்கள் தங்கையும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் சிரித்தே பழக்கமில்லாத மனிதர். கீறிய பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓடின. என் மகள் எங்கே கீறல் என்று சொன்னது அத்தனையும் அச்சாகச் சரி. கடைசியாகத் தங்கள் பெட்டி. சிவப்பு விளக்கு. அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். "புதுப் பெட்டிக்கே சிவப்புன்னா, உங்க முறையை நம்பி எவன் தொழிற்சாலை நடத்துவான்?" என்றார். கைடு அம்மா தரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். என் மகள் மட்டும் நேரே அவரைப் பார்த்து, "சின்னச் சக்கரத்துல ஒரு பல்லோட அடியில விரிசல் இருக்கு சார். நீங்க வந்தாச்சு, இப்ப திறக்கலாம். இல்லேன்னா நானே என் ஆய்வைத் திரும்ப எடுத்துக்கறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவனைக் கேட்காமல் இப்படியா பந்தயம் கட்டுவது?

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். சின்னச் சக்கரத்தைத் துடைத்து, ஏதோ சிவப்புச் சாயத்தைத் தடவி, காயவிட்டு, மறுபடி துடைத்து, மேலே வெள்ளை மாவு மாதிரி ஒன்றை அடித்தார். எல்லாரும் குனிந்தோம். முதலில் வெறும் வெள்ளை. அப்புறம் ஒரு பல்லின் அடியில் மெல்லச் சிவப்பாக ஒரு கோடு கசிந்து வந்தது மைத்துனரே, தலைமயிர் அளவுதான், அவள் சொன்ன அதே இடத்தில். பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரும்பப் பார்த்து, "எழுந்திருங்க டாக்டர்" என்றார். அவள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் கை தட்டினேன். கொஞ்ச நேரம் நான் ஒருவன்தான் தட்டினேன், பிறகு கூடமே தட்டியது. அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது கடை விஷயம். விரிசல் விட்ட சரக்கைப் புத்தம் புதுசு என்று சொந்தத் தங்கை வீட்டுக்கே தள்ளிவிட்டீர்களே, இது தகுமா? "பெட்டி எங்கே வாங்கினது?" என்று பரிசோதகரே கேட்டார். "என் மைத்துனர் கடையில்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மறைக்கிற பழக்கம் நம்மிடம் கிடையாது. ஆனாலும் தங்கள் பெட்டி கெட்டதால்தான் என் மகள் கெட்டிக்காரி என்று ஊருக்குத் தெரிந்தது. ஆகவே பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். அடுத்த மாதம் விருந்து வைக்கிறோம். வந்து நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதும். இன்னொன்று. பைண்டிங் ஆகி வந்த அவளுடைய ஆய்வுப் புத்தகத்தில் நன்றிப் பக்கத்தின் முதல் வரி இது: 'வேறு எவராலும் செய்திருக்க முடியாத பங்களிப்பை இந்த ஆய்வுக்குச் செய்த என் அப்பாவுக்கு.' தாங்கள் நாலாவது வரியில், கடை என்ற முறையில் மட்டும் வருகிறீர்கள். படித்ததும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும். எல்லாரும் படித்து, பட்டம் வாங்கி, நல்ல சரக்கை விற்று, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத மாப்பிள்ளை,
ஒரு டாக்டரின் தகப்பன்.

பி.கு.: அண்ணா, இதை எழுதறது நான், உன் தங்கச்சி. முழங்கால் வலின்னு தபால்ல போட என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். நீ மனசுல எதுவும் வச்சுக்காதே, உன் பெட்டி நல்ல பெட்டிதான். 'சற்றே இறக்கி வைத்தேன்'னு எழுதியிருக்காரே, மேல் படியில கையை விட்டுட்டார், பெட்டி உருண்டு அடிப்படி வரைக்கும் போச்சு, பின்னாலேயே இவரும் போனார். முழங்கால் அன்னிக்குப் போனதுதான். மூலையில பெயிண்ட்டும் அன்னிக்குத்தான் உரிஞ்சது. "இரும்புக்கு என்ன ஆயிடப் போகுது, பாப்பாகிட்ட சொல்லி அவளைக் கலவரப்படுத்தாதே"ன்னார், நானும் விட்டுட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பாத்தப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. வீட்டுக்கு வந்ததும் அவகிட்ட சொன்னேன். கோவிச்சுக்குவான்னு பார்த்தா, தரையில உட்கார்ந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம்தான் நன்றிப் பக்கத்துல அந்த முதல் வரியைச் சேர்த்தா. விருந்துக்கு வந்தா உன்னை அந்தச் சட்டத்துக்கு எதிர்லதான் உட்கார வைப்பார். சிரிச்சுடாதே.