தூங்கிப் பார்த்த வீடு

திருநெல்வேலி ஜங்ஷனில் தலகாணி அண்ணாச்சி படுத்து எழுந்திரிக்காத வாடகை வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆளைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அவர் வீட்டுத் தரகர். எந்த வீடு காலியானாலும் முதலில் அவர் போய் மத்தியானம் ஒரு தூக்கம் போடுவார். தூக்கம் வந்தால்தான் அந்த வீட்டை வாடகைக்குப் பேசுவார். வரவில்லையென்றால் வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் சாவி வெளியே வராது.

அக்குளில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணை, இடுப்பில் சாவிக்கொத்து. இந்தக் கோலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் சைக்கிளில் போனால், எங்கேயோ ஒரு வீடு காலியாகியிருக்கிறது என்று அர்த்தம். மற்ற தரகர்கள் நல்ல தண்ணீர், நல்ல காற்று என்று அளப்பார்கள். இவர், "படுத்தேன், உறங்குனேன். பொறவு உம்ம இஷ்டம்" என்பதோடு சரி. அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் நான் ஜங்ஷனில் ஒரு மருந்து மொத்தக்கடையில் கணக்கெழுதிக்கொண்டு, லாட்ஜ் அறையில் நாலு பேரோடு உருண்டுகொண்டிருந்தேன். ஏரலில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரின் மகள் செல்வியை எனக்குப் பேசியிருந்தார்கள். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மொதல்ல வீட்டப் பாருங்க தம்பி. லாட்ஜுக்கெல்லாம் எம் பிள்ளைய அனுப்ப முடியாது." தனிக்கட்டைக்கு ஊரில் யாரும் வீடு தரவில்லை. வீடு இல்லாதவனுக்கு ஏரல்காரர் பெண் தரமாட்டார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

அப்போதுதான் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடம் வாடகைக்கு வந்தது. அதில் ஒரு லாரி கம்பெனியின் புக்கிங் ஆபீஸ் இருந்தது. கம்பெனி பைபாஸ் பக்கம் போய்விட்டதால், பம்பாயிலிருந்த கட்டடச் சொந்தக்காரர் ஆபீஸை வீடாக மாற்றிவிட்டு, சாவியைத் தலகாணி அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார்.

வீடா அது! பணம் வாங்குகிறவர் உட்கார்ந்திருந்த கம்பிக்கூண்டு அடுக்களையாகியிருந்தது. கை நீட்டும் அரைவட்ட ஓட்டை அப்படியே இருந்தது. கூடத்துச் சுவரில் வெள்ளையடித்த பிறகும் 'விசாரணை' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பாதிக் கூடத்துக்கு மேலே, பழைய பில் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த மரமச்சுதான் படுக்கையறை. ஏணிப்படியில் ஏறிக் குனிந்தே போக வேண்டும். நிமிர்ந்தால் உத்திரம் தலையைப் பதம் பார்க்கும். எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஊரில் யாருக்கும் இல்லாத மாதிரி ஒரு வீடு!

தலையணையோடு மச்சுக்கு ஏறிய அண்ணாச்சி, சாயங்காலம் சிவந்த கண்களோடு இறங்கி வந்தார்.

"உறக்கம் வரல வே."

"ரயில் சத்தமா அண்ணாச்சி?"

"ரயில் என்ன செய்யும்? கண்ண மூடுனா யாரோ வந்து 'சரக்கு வந்துச்சா'ன்னு கேக்குத மாதிரியே இருக்கு. ஆபீஸ் இன்னும் இங்கனதான் இருக்கு. காலி பண்ணல."

"ஆபீஸ்ல உறக்கம் வரலன்னு சொல்லுத மொத ஆளு நீங்கதான்!"

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தெற்கே தலைவைத்துப் படுத்தார். அதற்கடுத்த நாள் தயிர்ச்சோற்றை வயிறுமுட்டத் தின்றுவிட்டு வந்தார். பிறகு துணைக்கு என்னையும் படுக்கச் சொன்னார். நான் படுத்த கையோடு உறங்கிவிட்டேன். தட்டி எழுப்பி, "வீடு பாக்க வந்தீரா, உறங்க வந்தீரா?" என்று திட்டினார்.

ஏரல்காரர் வீடு பார்க்க வருகிற நாள் நெருங்கியது. உறங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது மட்டும் முடியாது வே. தொழிலுக்கு வந்த புதுசுல, பாக்காமக் கொள்ளாம ஒரு குடும்பத்த அரிசி மில்லுக்குப் பக்கத்துல குடிவச்சேன். கைப்பிள்ள உறங்க முடியாம அழுத அழுக இன்னும் என் காதுல கேக்கு. அன்னைக்கு எடுத்த தலகாணி இது."

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

ஏரல்காரர் வந்தார். கூடவே செல்வியும். "பொழங்கப்போறது நாந்தானே, நான் பாக்க வேண்டாமா?" என்று பிடிவாதமாகக் கிளம்பியிருக்கிறாள். அப்பாவுக்குக் குடல்புண், வெளிச்சாப்பாடு ஆகாது என்பதால் பம்ப் ஸ்டவ், அரிசி, பாத்திரம் எல்லாம் ஒரு பையில். வந்ததும் கம்பிக்கூண்டுக்குள் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து உலையேற்றிவிட்டாள். அவள் அப்பா 'விசாரணை'க்குக் கீழே உட்கார்ந்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உறங்கிப் பாத்தாச்சா?" தலகாணியின் புகழ் ஏரல் வரைக்கும் போயிருந்தது.

"இல்ல அண்ணாச்சி. கண்ணு மூடல."

"அப்பச் சரி. வேற வீடு பாருங்க தம்பி. பொறவு பேசுவோம்."

கூண்டுக்குள்ளிருந்து செல்வி, "எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குப்பா" என்றாள். அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். "கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வாரேன்" என்று தலையணையோடு ஏணியேறினார்.

சற்று நேரத்தில் மச்சே அதிர்கிற மாதிரி குறட்டை. பலகை இடுக்கிலிருந்து தூசி உதிர்ந்து ஏரல்காரரின் தோளில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர எழுப்பாண்டாம். கல்யாணத்த ஆவணியில வச்சுக்கிடுவோம்" என்றார்.

கல்யாணமாகிக் குடிவந்த பிறகும் அண்ணாச்சி எங்களை விடவில்லை. அடிக்கடி மத்தியானம் தலையணையோடு வந்து, "சும்மா, உடம்பு அசதியா இருக்கு" என்று மச்சுக்கு ஏறுவார். சிவந்த கண்ணோடு இறங்கிப் போவார். இதென்ன வழக்கம் என்று எனக்கு ஒரே குடைச்சல். ஒருநாள் செல்வியிடம் கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள்.

"அன்னைக்கு அவரு உறங்கவே இல்லங்க. குறட்டைய நிறுத்திட்டு, 'தாயி, சோறு அடிப்பிடிக்கு'ன்னு கூண்டுக்கு மேல பலகை இடுக்கு வழியா எனக்கு மட்டும் கேக்குத மாதிரி பையச் சொன்னாரு. சொல்லிட்டு மறுபடி குறட்ட விட்டாரு."

அப்புறம் விசாரித்துப் பார்த்தால், அந்த நாளிலிருந்து அவர் வேறு வீடு எதையுமே யாருக்கும் காட்டவில்லையாம். சொன்ன ஒரு பொய்யை மெய்யாக்கத்தான் மனுஷன் எங்கள் மச்சுக்கு நடையாய் நடந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தாள். அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு மச்சுக்கு ஏறினார். புரளும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்து ஏணியேறி எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி, கையைத் தலையணைக்கடியில் கொடுத்து, குறட்டையே இல்லாமல் அசந்து உறங்கிக்கொண்டிருந்தார். செல்வி ரேடியோவை அணைத்தாள். கதவைத் தட்டிய பால்காரரை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இறங்கி வந்தார். கூண்டின் அரைவட்ட ஓட்டை வழியாகச் செல்வி நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டு, ஈரக்கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"உறங்கிட்டேன் வே. நல்ல வீடு. நீரு தாராளமாக் குடிவரலாம்."

"சரி அண்ணாச்சி, வாரோம்" என்றேன். குடிவந்து மாதக்கணக்காகியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு மாறிவிட்டோம். எங்களுக்கு உறக்கம் வருமா என்று ஒருத்தரும் படுத்துப் பார்க்கவில்லை.