மயில் றெயிலில் ஒரு தற்செயலான சந்திப்பு

நல்லூர்,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய அக்கா செல்வநாயகி அவர்களுக்குத் தம்பி நமசிவாயம் எழுதிக்கொள்வது.

கந்தசுவாமியார் புண்ணியத்தில் நானும் குணலட்சுமியும் பிள்ளை தர்சினியும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். போய் இறங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தான் எழுதுகிறீர்கள், வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. முழங்கால் வலி எப்படி? இங்கே முருங்கை கிளை முறியக் காய்த்துக் கிடக்கிறது, சாப்பிடத்தான் ஆளில்லை.

வாட்ஸ்அப் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குகிற ஆள். தர்சினிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் பெரியம்மா உங்கள் பக்கத்து வீட்டில்தானே இருக்கிறா, நான் சொல்லப்போவது அவவின் காதில் நேரே விழக்கூடாது. ஆனால், நீங்கள் வாசித்து, பக்குவமாக மாற்றி, அவவின் காதில் போடத்தான் வேண்டும். ஆகவே அமைதியாக வாசியுங்கள். நானும் அமைதியாகத்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கம் றெயிலே ஓடாத காலத்திலும் ஸ்ரேஷன் மாஸ்ரர் என்ற பெயரோடு பொறுமையாக இருந்தவன் நான், சின்ன விஷயத்துக்கெல்லாம் பதற மாட்டேன்.

நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் எவ்வளவு நல்ல சம்பந்தம் என்று நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பண்டத்தரிப்பு ஆழ்வாப்பிள்ளையின் மகன் சிவரூபன், மெல்பேர்ணில் எஞ்சினியர், லீவில் வந்து நிற்கிறார், சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. கலியாணம் முடிந்தால் தர்சினியும் மெல்பேர்ண் போய்விடுவாள். இதைச் சந்தியில் இருக்கிற சலூன்காரர் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டேன். முன் அறையில் மெல்பேர்ண் நேரத்துக்கு ஒரு மணிக்கூடும் வாங்கி மாட்டியாயிற்று. யாராவது வந்தால், "இப்ப அங்கை இருட்டியிருக்கும்" என்று நான் சொல்வேன், அவர்கள் ஆச்சரியப்படுவார்கள். இனிப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் நேரில் பார்ப்பதுதான் பாக்கி.

அதற்கு நம்மவர்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் கோயிலுக்குப் போகவேண்டும், தற்செயலாகச் சந்திக்கவேண்டும், எந்தப் பக்கம் என்று விசாரிக்கவேண்டும், அதற்குள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடவேண்டும். இரண்டு பக்கமும் ஓம் என்று சொல்லும்வரைக்கும் யாருக்கும் யாரையும் தெரியாது. சரிவராவிட்டால் யாருக்கும் குறைவில்லை. ஆனால் போன வருடம் வேறொரு சம்பந்தத்துக்காக நல்லூர் வீதியில் நின்றபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை, சரியான சனம், எங்களைப் போலவே இன்னொரு குடும்பமும் யாருக்காகவோ தற்செயலாகக் காத்துக்கொண்டு நின்றது. நான் அவர்களோடு முழு விசாரணையையும் நடத்தி முடித்து, அந்தப் பொடியனை எனக்கு நன்றாகப் பிடித்தும் போய்விட்டது. உண்மையான ஆட்கள் தேர்முட்டியடியில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் தர்சினி இந்தமுறை, "அப்பா, கோயில் வேண்டாம். கீரிமலைப் பக்கம் புதுசா ஒரு பார்க் திறந்திருக்கினம். அங்கை எங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்தார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பார்க்கின் பெயரைச் சொன்னது கந்தசுவாமியாரின் செயல் என்றுதான் நான் நினைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் போனோம். நான் வேட்டி சால்வை, குணலட்சுமி காஞ்சிபுரம், இவற்றைக் கட்டிக்கொண்டு ஊஞ்சல்களுக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் நடுவில் நின்றோம். சற்றுத் தள்ளி ஆழ்வாப்பிள்ளையும் மனைவி சிவகௌரியும் அதே கோலத்தில், மகன் சிவரூபனோடு நின்றார்கள். அந்தப் பூங்கா முழுவதிலும் வேட்டியோடு நின்றது நாங்கள் இரண்டு பேரும்தான். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான், நான் வானத்தைப் பார்த்தேன், அவர் ஒரு யானைப் பொம்மையைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் தர்சினி, "அப்பா, வாங்கோ அந்த றெயிலிலை ஏறுவம்" என்று என் கையைப் பிடித்தாள்.

அதை றெயில் என்று சொல்ல என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. றோலர் கோஸ்ரர் என்று பலகையில் எழுதியிருந்தது. கீழே, குடும்பத்தோடு ஏறக்கூடியது, சிறுவர்க்கும் முதியோருக்கும் உகந்தது என்றும் இருந்தது. உயரம் ஒரு தென்னம்பிள்ளை அளவுதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிற றெயிலை நான் என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. பின்பெட்டியில் நிற்கிற காட் இல்லை, சிக்னல் இல்லை, பச்சைக்கொடியும் இல்லை. முன்பெட்டிக்கு மட்டும் மயிலின் தலையும் கொண்டையும் வைத்து நீலம் பூசியிருந்தார்கள். அதைக் கண்டதும் குணலட்சுமி, "முருகன்ரை வாகனத்திலை செருப்போடை ஏறுறதோ? கழட்டுங்கோ" என்றாள். கழற்றினேன். மகனோடு தற்செயலாக எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆழ்வாப்பிள்ளை அதைப் பார்த்து, தன்னைப் பக்தி குறைந்தவர் என்று நினைத்துவிடுவோமோ என்று அவரும் கழற்றினார். பிறகு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கழற்றத் தொடங்கினார்கள். வண்டியை இயக்குகிற வின்சன்ற் என்பவர் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம், அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்.

அந்த வின்சன்ற்தான் எங்களை இருத்தினார். தர்சினியை மயிலுக்குப் பின்னால் முதல் ஆசனத்தில் இருத்தி, பக்கத்தில் சிவரூபனை இருத்தினார். என்னை இரண்டாவதில் இருத்தி, பக்கத்தில் யாரை இருத்தினார் என்று நினைக்கிறீர்கள்? ஆழ்வாப்பிள்ளையை. எங்கள் இரண்டு பேரின் மடிக்கும் குறுக்கே ஒரே இரும்புக் கம்பி. "பயப்பிடாதேங்கோ ஐயா, உது சின்னப் பிள்ளையளும் ஏறுறது. ரெண்டு தரம் சுத்தும், அவ்வளவுதான்" என்றார். குணலட்சுமியும் சிவகௌரியும் கீழே ஒரே மரவாங்கில் அமர்ந்து, ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாகவே எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார்கள்.

வண்டி கடகடவென்று ஏறத் தொடங்கியது. சும்மா இருப்பதும் மரியாதை இல்லையே.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நாங்கள் பண்டத்தரிப்பு" என்றார்.

"ஓமோ, பண்டத்தரிப்போ? முன்னாலை இருக்கிறது மகனோ?"

"ஓம். மெல்பேர்ணிலை இருக்கிறார்."

"குடுத்துவைச்சனீங்கள்."

"ஓம்" என்றவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "குடுத்துவைச்சதுதான்" என்றார். "உங்கடை மகளோ அது?"

"ஓம்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, முன்னால் இருந்த மயில் தலை குனிந்தது.

அக்கா, அந்த முதல் இறக்கத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். என் குரலில் யாரோ முருகா முருகா என்று கூப்பிட்டார்கள், என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள், என் சால்வை போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறுமி ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டே வந்தாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று பிறகு அறிந்தேன். வண்டி சுற்றி வந்து, நிற்காமல் இரண்டாம் தரமும் ஏறியது. இந்தமுறை நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அங்கேதான் பிழை நடந்தது. உச்சியில் வண்டி ஒரு கணம் தயங்கியது. முன்னால் தர்சினி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். சின்னதில் என் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போகும்போது சிரித்த அதே சிரிப்பு. பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. விமான நிலையத்திலும் எனக்குக் கடைசியாகத் தெரியப்போவது இந்தப் பின்னந்தலைதானே என்று ஒரு நினைப்பு வந்தது. மயில் தலை குனிந்தது. நான் கத்திவிட்டேன்.

"என்ரை பிள்ளையை மெல்பேர்ணுக்கு அனுப்பமாட்டன்! நிப்பாட்டு! அனுப்பமாட்டன்!"

என் பக்கத்தில் இருந்த மனிதரும் சும்மா இருக்கவில்லை. "தம்பி, நீ திரும்பிப் போகாதை! எங்களாலை தனிய ஏலாதடா!" என்று அவர் மகனைக் கூப்பிட்டுக் கத்தியது கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

வண்டி வந்து நின்றது. எங்கள் இரண்டு பேரின் விரல்களும் பின்னிக்கிடந்தபடியால் வின்சன்ற் வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒழுங்கை விடாமல், "உங்களைச் சந்திச்சது சந்தோஷம்" என்றேன். அவரும், "எந்தப் பக்கம் எண்டு நீங்கள் சொல்லேல்லையே" என்றார். நல்லூர் என்றேன். பிறகு இருவரும் செருப்பைத் தேடிப் போனோம். அந்த இடம் கோயில் வாசல் மாதிரிச் செருப்பு நிறைந்து கிடந்தது. அவசரத்தில் நான் அவருடையதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அவரைத் தெரியும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும், அதனால் இப்போதும் வாசலில்தான் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் குணலட்சுமி, "எல்லாம் பொருந்தி வந்த சம்பந்தத்தை உங்கடை வாயாலை ஊதிக் கெடுத்துப்போட்டியள்" என்றாள். தர்சினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நேற்றும் இல்லை, இன்றும் ஒரு தகவல் இல்லை. அக்கா, எனக்கு நித்திரை இல்லை. பிள்ளையின் வாழ்க்கையை நானே குழப்பிவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஆகவே நீங்கள் மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் சொல்லவேண்டியது இதுதான். கத்தியது நான் அல்ல, அந்த இறக்கம். தலைகீழாகப் போகிற ஒருவன் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தர்சினியை மெல்பேர்ணுக்கு அனுப்ப எனக்கு முழுச் சம்மதம், முழு மகிழ்ச்சி. மணிக்கூட்டைப் பற்றியும் சொல்லுங்கள், அது நல்ல சாட்சி.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கந்தசுவாமியார் உங்கள் எல்லாரையும் குறையின்றிக் காப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
நமசிவாயம்.

பி.கு.: அக்கா, மேலே உள்ளதில் சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதெல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். இவ்வளவு பக்கம் எழுதிவிட்டபடியால் கிழிக்க மனமில்லாமல் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லித் தர்சினியிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதாமல் முழுவதையும் வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பா, உங்களுக்கு முழு மகிழ்ச்சியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "றெயிலிலை அப்பிடிக் கேக்கேல்லையே" என்றாள். பிறகுதான் சொன்னாள், நீங்கள் நம்பரைக் கொடுத்த நாளிலிருந்து இருவரும் போனில் கதைக்கிறார்களாம். அவருக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையாம், இங்கேயே ஒரு கட்டடக் கம்பனியில் வேலையும் சரிவந்துவிட்டதாம். "நீங்கள் மணிக்கூடு மாட்டிப்போட்டு இருக்கேக்கை நான் எப்பிடியப்பா சொல்லுறது? அவரின்ரை அப்பாவும் ஊர் முழுக்க மெல்பேர்ண் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். அதுதான் உங்களை ஒண்டா இருத்தச் சொல்லி அந்த வின்சன்ற் அண்ணையிட்டைக் கேட்டனாங்கள். பக்கத்திலை இருந்தால் கதைப்பியள் எண்டு நினைச்சம். கத்துவியள் எண்டு நினைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துத்தான் செய்தாள். நானும் அப்படித்தான். இந்த நேரம் பார்த்து ஆழ்வாப்பிள்ளை செருப்பு மாற்ற வந்து நிற்கிறார், இன்னமும் தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாகத்தான் சொல்கிறார். குணலட்சுமி கோப்பி போடுகிறாள். மணிக்கூட்டை யாழ்ப்பாண நேரத்துக்குத் திருப்பிவிட்டேன்.

கோப்பி குடித்து முடிவதற்குள் இரண்டு பக்கமும் ஓம் சொல்லியாயிற்று, தை மாதத்தில் கலியாணம், நீங்கள் கட்டாயம் வரவேண்டும். வந்தால் முதல் வேலையாக உங்களை அந்த மயில் றெயிலில் ஏற்றி நானும் பக்கத்தில் இருப்பேன். சுகம், சுகம் என்றே இவ்வளவு காலமும் எழுதிவிட்டீர்கள். அந்த இரண்டாவது இறக்கத்தில் நீங்கள் என்ன சொல்லிக் கத்துகிறீர்கள் என்று எனக்கு ஒருதரம் கேட்கவேண்டும், அக்கா.