ரஹீமாவின் இரத்தமும் என் பதினாறு டின் கீரையும்

பசுந்தாங்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மச்சான் இக்பால் அவர்களுக்கு, பர்கத்துல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நான் நலம். உங்கள் தங்கை ரஹீமா என் முயற்சியால் நலம். போனில் சொன்னால் இடையில் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பித்தப்பைக் கல்லை எடுக்கப் போனபோது டாக்டரம்மா, "இரத்தம் எட்டுதான் இருக்கு, பதினொண்ணு ஆகாம கத்தி வைக்க மாட்டேன்" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்ததும், நீங்களும் "பேசாம மாத்திரையை வாங்கிக் கொடு மாப்ளே" என்றதும் நினைவிருக்கும். நான் மறுத்தேன். மூன்று வேளையும் சோறு தின்கிறவளுக்கு இரத்தம் ஏன் குறைகிறது? குறை சோற்றில் இருக்கிறது. கோபிக்க வேண்டாம், க்யிம்யிண்டைங்கில் உங்கள் கடையில் விற்கும் அரிசியைத்தான் சொல்கிறேன். காற்றில் கரியமில வாயு கூடக்கூட நெல்லில் மாவுச்சத்து பெருத்து, புரதமும் இரும்பும் குறைந்துபோகிறதாம், படித்தேன். போதாததற்கு நிலத்துக்கு ஓய்வே கொடுக்காமல் யூரியாவைக் கொட்டினால் பயிர் பச்சையாக நிற்கும், சத்து எங்கே நிற்கும்? உங்கள் மூட்டையில் எடை சரி மச்சான், சரக்குதான் இல்லை.

ஆகவே மொட்டைமாடியில் பதினாறு எண்ணெய் டின்னில் கஸுன்யுவெ, அதாவது நம்ம வள்ளைக்கீரை போட்டேன், யூரியா ஒரு சிட்டிகை கிடையாது, முதல் விதைப்பு ஏப்ரல் வெயிலில் வறுபட்டது, இரண்டாவதைக் காலம் தப்பி வந்த மழை அடித்துக்கொண்டு போனது, மூன்றாவதுக்கு மீன் தலையை உரமாகப் புதைத்தேன், பசுந்தாங் காக்கா பூரா வந்து உட்கார்ந்துடுச்சு, மூணாம் மாடிக்காரர் பேச்சையே நிறுத்திட்டார், நான் அசரல, குடையைப் பிடிச்சுக்கிட்டுக் காவல் நின்னேன், கீரை வந்துச்சு பாருங்க, அப்படி வந்துச்சு! தினம் ரெண்டு கட்டு. எனக்கு ஒண்ணு, ரஹீமாவுக்கு ஒண்ணு. "நீங்க சாப்பிடுங்க, நான் அடுப்படியிலேயே சாப்பிட்டுக்கறேன்"னு சொல்லிடுவா. அவ்வளவு ஆசை. அக்கம்பக்கத்திலும் நம்ம மதிப்பு ஏறிப்போச்சு. கீழ்வீட்டில் கோழி வளர்க்கும் பர்மாக்காரம்மா டோ மியா, நம்ம பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் வாராவாரம் பை நிறைய முட்டை கட்டி அனுப்புறாங்க. எனக்குக் கொலஸ்ட்ரால், ரஹீமாதான் சாப்பிடுறா.

நேற்று பரிசோதித்தோம். பதினொன்று புள்ளி நாலு! வியாழக்கிழமை ஆபரேஷன். ஒரு மாத்திரைகூட இல்லாமல்! எட்டு என்று டாக்டரம்மா சொன்னபோது நான் நடுங்கிப்போனேன் மச்சான், உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் சலாம். உங்கள் கடையில் பரக்கத் பெருகட்டும், உங்கள் அரிசியில் இரும்பும் பெருகட்டும்.

இப்படிக்கு,
கீரை விளைவித்த
பர்கத்துல்லா

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் பால்கனிப் பக்கம் போனேன். ரஹீமா கயிற்றில் ஒரு கட்டுக் கீரையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். டோ மியா அதை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, பையில் முட்டையும் மருந்துக்கடை மாத்திரையும் வைத்து மேலே அனுப்பினார். மூன்று மாதமாக இதுதான் நடக்கிறதாம். "மீன் தலை வாடை குமட்டுதுங்க. காக்காவோட மல்லுக்கட்டி வளர்த்தீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்கிறாள். கோழி தின்றதும் என் கீரைதானே என்று கேட்டேன், ஆமாம் என்றாள். எனவே என் கொள்கையில் மாற்றமில்லை. மேலே எழுதாமல் விட்டது ஒன்றுண்டு: நேற்று அவளுக்குத் துணையாக நானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்பது. அந்த மாத்திரையின் பேரை அவளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். போனிலேயே சொல்லலாம், சிரித்தாலும் பரவாயில்லை.