ராடிகன் சாகமாட்டேங்கிறான்

கதாநாயகன் பக் டாலிவரின் முன்பல் செட் ஓடையில் விழுந்து கால்மணி நேரம் ஆகிவிட்டது. மூன்று பேர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரைத் துழாவினார்கள். கிடைத்தது ஒரு பழைய பூட்ஸ், இரண்டு தவளை.

கரையில் நின்ற டைரக்டர் ஓட்டிஸ் ஃபெல்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்து வருஷத்தில் நாற்பத்தொரு கொள்ளைக்காரப் படம் எடுத்தவர் அவர். படத்துக்கு ஆறே நாள். அதே சிமி மலையடிவாரம், அதே பாறை, அதே பதினோரு குதிரை. "நான் 'ஆக்‌ஷன்' சொல்றதுக்கு முன்னாடியே குதிரைங்க பாறையைச் சுத்தி வந்துடும். அதுங்களுக்குக் கதை மனப்பாடம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடவை கொள்ளைக்காரன் கிளெம் ராடிகன். 'மிசௌரி சிங்கம்' என்று பட்டப்பெயர். அவன் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அத்துப்படி. கறுப்புக் குதிரையில் வந்தான், ஏழு பாங்கைக் கொள்ளையடித்தான், ஷெரிஃப் சுட்டதில் குதிரையிலிருந்து விழுந்து செத்தான்.

தயாரிப்பாளர் சிட் லெவென்தால் கிளம்பும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். "யோவ் ஓட்டிஸ், போன மூணு படத்துலயும் ஜனங்க பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா உன் மச்சானோட செருப்புக்கடைக்கே போயிடு. அங்கயாவது ஆளுங்க காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க."

இன்று மூன்றாம் நாள். ராடிகன் வருகிற காட்சிகள் இன்றைக்குத்தான் ஆரம்பம். ஓட்டிஸ் மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

"பக், பல்லு இல்லாமலே வசனத்தைச் சொல்லு பாப்போம்."

பக் துப்பாக்கியை நீட்டினான். "ஃபத்தம் போட்டா ஃபுட்டுடுவேன்! நான் யாரு தெரியுமா? மிஃபௌரி ஃபிங்கம்!"

குதிரை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது.

குறிப்பு நோட்டும் கையுமாக நின்ற உதவியாளர் மேக்ஸின் டார் தொண்டையைக் கனைத்தாள். "சார், மூஞ்சில ஒரு கறுப்புத் துணியைக் கட்டிடலாமே? கொள்ளைக்காரன்தானே. குரலை அப்புறமா யாராவது ரேடியோக்காரரை வெச்சுச் சேர்த்துக்கலாம்."

"அட, இது நல்லாயிருக்கே!" ஓட்டிஸுக்கு உயிர் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூஞ்சியே தெரியாதுன்னா இவன் எதுக்கு? பக், நீ பல் டாக்டர்கிட்ட போ. வேற ஆளை வெச்சு எடுத்துக்கறேன்."

அன்றைக்குச் சும்மா இருந்த வேற ஆள் எல்மோ கிரப்ஸ் ஒருவன்தான். குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவன். பக் ஆறடி. எல்மோவின் தலை பக்கின் நெஞ்சுக்குத்தான் வரும்.

பாங்க் காட்சியில் அது நன்றாகத் தெரிந்தது. எல்மோ உள்ளே வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றதும் ஆளைக் காணோம்.

"தொப்பி மட்டும் வந்து கொள்ளையடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள் மேக்ஸின்.

"அப்ப குதிரையை விட்டு எறங்காதே எல்மோ. படம் முடியறவரைக்கும் எறங்காதே!"

ராடிகன் குதிரையோடு பாங்குக்குள் வந்தான். குதிரையோடு பாருக்குள் போய் விஸ்கி குடித்தான். காதலியிடம் மனதைத் திறந்ததும் குதிரை மேலிருந்துதான். அவன் உருகி உருகிப் பேசுகிற சமயம் பார்த்துக் குதிரை கதாநாயகி லொரேன் வின்னின் தொப்பியிலிருந்த துணிப்பூக்களை ஒவ்வொன்றாகத் தின்றது.

"சார், என்மேல ஆசைப்படறது இவரா, இல்ல குதிரையா?" லொரேன் மொட்டைத் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு பேரும்தான்மா. அடுத்த ஷாட்!"

ஆறாம் நாள் மத்தியானம். மிச்சம் இருந்தது சாவு மட்டும். ஷெரிஃப் சுட்டார். எல்மோ நெஞ்சைப் பிடித்தான், கண்ணை மூடினான், கம்பீரமாகக் குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"விழுப்பா!"

"மாட்டேன் டைரக்டரே."

"என்னது?"

"பதினெட்டு வருஷமா குதிரை ஏறறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்ல. ட்யூசான்ல எங்கப்பா இந்தப் படத்தைப் பாப்பாரு. எம்மூஞ்சியில எப்படி முழிப்பாரு?"

"உன் மூஞ்சிதான் தெரியாதேடா! துணி கட்டியிருக்கு!"

"எங்கப்பாவுக்கு நான் உட்கார்ற தோரணையே போதும், கண்டுபிடிச்சிடுவாரு."

ஓட்டிஸ் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் எல்மோவின் காலைப் பிடித்தே இழுத்தார். விழுந்தது ஓட்டிஸ்தான். எல்மோ மேலிருந்து குனிந்து, "அடி கிடி பட்டுடுச்சா?" என்று கரிசனமாகக் கேட்டான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஒரு வைக்கோல் பொம்மைக்கு ராடிகனின் சட்டையை மாட்டிப் பாறை உச்சியிலிருந்து தள்ளினார்கள். பொம்மை பாதி வழி நன்றாகத்தான் விழுந்தது. பிறகு அதன் வலது கை கழன்று, காற்றில் மிதந்து, பொம்மை தரைக்கு வந்து வெகுநேரம் கழித்து நிதானமாக வந்து சேர்ந்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாமா சார்?" என்றாள் மேக்ஸின்.

"வெளிச்சம் எங்கம்மா இருக்கு?" ஓட்டிஸ் ஒரு கல்மேல் உட்கார்ந்து, ஆறிப்போன பீன்ஸைச் சாப்பிட்டார். செருப்புக்கடையில் எந்த அலமாரியில் எந்த அளவு இருக்கும் என்று யோசனை ஓடியது.

ரேடியோக்காரர் குரலும் சேர்ந்து படம் தயாரானது. பொமோனா நகரில் சனிக்கிழமை பகல் காட்சி. அதுதான் பரீட்சை. கொட்டகை நிறைய ஜனங்கள். உள்ளே போக ஓட்டிஸுக்குத் தைரியம் வரவில்லை. சோளப்பொரி விற்கும் இடத்தருகே சுவரோடு சுவராக நின்றுகொண்டார். பத்து நிமிஷம் தாமதமாக வந்த சிட், அவரை ஒரு முறை முறைத்துவிட்டு இருட்டுக்குள் போனார்.

கனத்த கதவுக்குப் பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம். ஓட்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பொலிக்குக் காத்திருந்தார். வரவில்லை. மாறாகக் கைதட்டல்!

"இந்த ஊருக்கு நான் வேணாம்னா, எனக்கும் இந்த ஊர் வேணாம், ஷெரிஃப்!" என்று ராடிகன் உள்ளே முழங்கினான். எல்லாக் கொள்ளைக்காரப் படத்திலும் வருகிற வசனம்தான்; ஓட்டிஸின் உதடு கூடவே முணுமுணுத்தது. கதவைத் தாண்டிக் கேட்கும்போது ரேடியோக்காரர் குரலுக்கு என்ன கனம்! காதல் காட்சியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசித் தோட்டா வெடித்ததும் கொட்டகை மூச்சை அடக்கியது. பிறகு விசில் பறந்தது.

ஓட்டிஸின் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு படம் எடுத்து, நாற்பத்திரண்டாவதில் கலைஞன் ஆகிவிட்டார்!

கதவு திறந்தது. சிட் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். சிட்டின் கன்னமும் ஈரமாக இருந்தது.

"யோவ், எப்படிய்யா பண்ணே? அவன் செத்தப்ப எனக்கே தொண்டையை அடைச்சிடுச்சு! வைக்கோல் பொம்மை, கை கழண்டுதுன்னு பயமுறுத்தினியே, ஒண்ணுமே தெரியலியே!"

"எல்லாம் வெட்டி ஒட்டறதுலதான் இருக்கு சிட்" என்றார் ஓட்டிஸ் அடக்கமாக.

"அந்தக் குதிரைக்காரப் பயலை ஆறடி ஆளாட்டம் காட்டிட்டியே!"

"கேமராவைக் கொஞ்சம் கீழே வெச்சேன். அனுபவம்தான்."

"செருப்புக்கடையை மறந்துடு. அடுத்த ஆறு படமும் உனக்குத்தான்!"

அப்போது கொட்டகை ஆபரேட்டர் கையைத் துணியில் துடைத்தபடி மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவந்தார்.

"மன்னிச்சிடுங்க சார், உங்க படப்பெட்டி இப்பத்தான் வந்து எறங்குச்சு, ஜனங்க ரகளை பண்ணாங்களேன்னு போன வருஷம் வந்த வேற கம்பெனி ராடிகன் படத்தைப் போட்டுச் சமாளிச்சேன், கூட்டத்தை உட்கார வெச்சிருக்கேன், இப்ப உங்களோடத ஓட்டட்டுமா?"