சூப்பில் உப்பு தொடர்பான நிர்வாக அதிகாரம்

வாஷிங்டனில் மத்திய அரசுத் துறை ஒன்றின் கேன்டீனில் வெர்னா டட்டில் வெகு காலமாக வெள்ளை பீன்ஸ் சூப் வைத்துவந்தாள். அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை, பாராட்டியதுமில்லை. அரசு ஊழியருக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது.

ஒருநாள் அங்கே வருகை தந்த அதிபர், புகைப்படக்காரர்களுக்காக ஒரு கரண்டி சூப் குடித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார்.

அன்று மாலையே சட்ட ஆலோசகர் பிரெஸ்காட் லிண்ட்குவிஸ்ட் தலைமையில் கூட்டம் கூடியது. அதிபர் திருவாய் மலர்ந்தருளியது நிர்வாக ஆணையா, பிரகடனமா, வெறும் குறிப்பாணையா என்று விவாதித்தார்கள். கையெழுத்தே இல்லையே என்றார் ஒருவர். கரண்டியில் உதடு பட்டிருக்கிறதே என்றார் இன்னொருவர். ஆணைதான் என்று முடிவாயிற்று. உப்பைக் குறைக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. வெர்னாவை நீக்கத் தீர்மானித்தார்கள்.

சேதி அவள் காதுக்கும் வந்தது. ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. மறுநாள் லிண்ட்குவிஸ்டே கேன்டீனுக்கு வந்தார்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க நிரந்தர ஊழியர், உங்களை நீக்க முடியாது. கொள்கை வகுக்கிறவங்களைத்தான் அதிபர் நினைச்சா தூக்க முடியும்."

"நல்லவேளை சார்."

"அதனால உங்களைக் கொள்கை வகுக்கிற பதவிக்கு உயர்த்தறோம். அப்புறம் தூக்கிடலாம்."

மத்திய உப்புக் கொள்கை இயக்குநர் என்றொரு பதவி உருவானது. அவ்வளவு பெரிய பதவிக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். செனட்டிலோ இரு கட்சிக்காரர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பதவியே ஏற்காதவளை எப்படி நீக்குவது? ஒப்புதல் வரும்வரை அவளைப் பொறுப்பு இயக்குநராக்கி, ஜன்னல் வைத்த அறையும் ஒரு செயலாளரும் கொடுத்தார்கள்.

அவள் இடத்தில் சமைக்கப் புதிதாக ஆள் எடுக்கக் கூடாதென்று வேறோர் ஆணை இருந்ததால் அடுப்பு அணைந்தே கிடந்தது. அதிகாரிகள் காய்ந்த ரொட்டியைக் கடித்தார்கள். மதியமானால் வெர்னாவின் கை தானாகக் கரண்டியைத் தேடும். பிறகு நாற்காலி பழகிவிட்டது.

ஜனவரிக் குளிரில் லிண்ட்குவிஸ்ட் கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றார். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் துறையே கிண்ணமும் கையுமாகக் காத்திருந்தது.

"அம்மா, கீழ வந்து ஒரு பானை சூப் வெச்சுக் குடுங்களேன்."

வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

"வெக்கலாம் சார். ஆனா பொறுப்பு இயக்குநருக்கு அடுப்பைத் தொட அதிகாரம் உண்டா? நீங்கதான் சட்டக் கருத்து எழுதித் தரணும்."

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

லிண்ட்குவிஸ்டின் கண்கள் மின்னின. மிக ஆழமான கேள்வி என்றார். பசியை மறந்து, உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு விரைந்தார். தாழ்வாரத்தில் நின்றவர்களும் விவரம் கேட்டு, எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது என்ற நிம்மதியோடு காலிக் கிண்ணங்களைக் கழுவி வைக்கப் போனார்கள்.