துரையின் விசாவும் புத்தூர் வக்கீலும்

சேசு மரி சூசை துணை

புத்தூர், திருச்சிராப்பள்ளி
8-9-1967

திண்டுக்கல் மகாராஜராஜஸ்ரீ ரோசரி அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே கூட்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரான இருதயநாதன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் செல்வமேரியும் மகன் ஸ்தனிஸ்லாசும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. தாங்களும் குழந்தை அக்னசும் மற்ற எல்லோரும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. தங்கள் மகள் அக்னசை எங்கள் ஸ்தனிஸ்லாசுக்குப் பெண் கேட்டதற்குத் தாங்கள் எழுதிய பதிலில், "பையன் நல்லவன்தான், ஆனால் கோழி திருடின கேஸையும் வேலித் தகராறையும் வைத்துக்கொண்டு வக்கீல் குடும்பம் நடத்த முடியுமா? உருப்படியாக ஒரு கேஸ் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. "பொண்ணைப் பெத்தவங்க கேக்கத்தானே செய்வாங்க, நீங்க ஏன் குதிக்கிறீங்க?" என்று செல்வமேரிதான் என்னை உட்கார வைத்தாள். இப்போது நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். என் மகனுக்கு வெளிநாட்டுக் கேஸ் வந்துவிட்டது!

அரியமங்கலத்தில் பாய்லர் சாமான் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக், ஸ்தனிஸ்லாசோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவர். அவர் பட்டறையில் ஒரு வருஷ விசாவில் மிலோஷ் என்ற செக்கோஸ்லோவாக்கியா நாட்டு இன்ஜினியர் வேலை பார்க்கிறார். வெல்டிங்கில் கைதேர்ந்த மனுஷர். வெள்ளைக்காரர் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் 'துரை'. இந்த மாதத்தோடு விசா முடிகிறது, துரைக்கோ இன்னும் ஒரு வருஷம் இருக்க ஆசை, சாதிக்குக்கோ அவரை விட மனசில்லை. திருவெறும்பூர்ப் பெரிய தொழிற்சாலை என்றால் இதையெல்லாம் கவனிக்கத் தனி ஆபீசே இருக்கிறது. சின்னப் பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்? கண்டோன்மெண்ட் பெரிய வக்கீல்கள் இந்தச் சட்டமே தங்களுக்குப் பழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். என் மகன் விரிக்கவில்லை. மெட்ராசுக்குப் போய்ப் புத்தகம் வாங்கி வந்து, கண் சிவக்கச் சிவக்கப் படித்து, மனு தயார் செய்தான். குமாஸ்தா வேறு யார்? நான்தான். டைப் அடிப்பதில் என் வேகம் பொன்மலை முழுக்கப் பிரசித்தம்.

கேஸ் வந்த அன்றைக்கே புத்தூர் நாலு ரோட்டில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அப்புறம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் தெரியாதவர்களுக்கும் சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். துரை ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தை மூன்றாம் தரமும் வாங்கிக்கொண்டு, செல்வமேரியை "அக்கா" என்றும் என்னை "மாப்ள" என்றும் கூப்பிட்டார். தமிழ் பட்டறையில் கற்றது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மாப்ளதான். அதனால் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொந்தரவு மனுவில்தான் ஆரம்பித்தது. உள்நாட்டில் ஆள் கிடைக்காத வேலையாக இருந்தால்தான் விசாவை நீட்டிப்பார்களாம். அதனால் ஸ்தனிஸ்லாஸ், "இந்த வேலை தெரிந்தவர் திருச்சி ஜில்லாவில் ஒருவருமில்லை" என்று எழுதிக் கொடுத்தான். என் விரல் டைப்ரைட்டரில் நின்றுவிட்டது. "ஏண்டா, திருச்சி ஜில்லாவுல ஒருத்தனுமில்லையா? மலையைக் குடைஞ்சு கோயில் கட்டின ஊருடா இது!" என்றேன். "அப்பா, அது வேற, இது வேற. சட்டத்துக்கு இப்படித்தான் எழுதணும். அடிங்க" என்றான். அடித்தேன். ஆனால் அந்த வரி அன்றைக்கு முழுக்க என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போன திங்கட்கிழமை விசாரணை அதிகாரி ஒருவர் பட்டறைக்கே வந்தார். வெகு கண்ணியமானவர். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. முடிக்கும்போது அவர் பேனாவை மூடிக்கொண்டே, "அப்ப இந்த ஊர் ஆளுங்களுக்கு இது வராதுன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார். மகன் தலையை ஆட்டினான், சாதிக்கும் ஆட்டினார். நானும் ஆட்டியிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "வராதா? யாருக்கு வராது? டேய் வீரமலை, வாடா இங்க! சார், இவன் லால்குடிப் பக்கத்துப் பையன். துரைகிட்ட ஒரு வருஷம்தான் பழகினான். இவன் வச்ச வெல்டிங்கைப் பாத்துட்டுப் பேசுங்க!" என்று சொல்லிவிட்டேன். வீரமலையும் முகமூடியை மாட்டிக்கொண்டு, ஒரு உருளையை ஒட்டி, தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் கொடுத்துக் காட்டினான். ஒரு பொட்டு ஈரம் கசியவில்லை. நான் கைதட்டினேன். பட்டறையே கைதட்டியது. துரையாவது சும்மா இருந்தாரா? வீரமலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சார், மாப்ள என்னைவிட நல்லா வைக்கிறான்!" என்றார். அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "அப்ப நீங்க எதுக்கு, மிஸ்டர் மிலோஷ்?"

கைதட்டல் நின்றுவிட்டது. சாதிக் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அப்போதுதான் என் மகன் எழுந்தான். "சார், எங்க அப்பா சொன்னது நிஜம். ஒரு வருஷத்துல ஒரு வீரமலையை உண்டாக்கியிருக்காரு. இன்னொரு வருஷம் குடுத்தா பத்துப் பேரை உண்டாக்குவாரு. இவரு இங்க வெல்டிங் வைக்க இருக்கலை சார், வெல்டரை உண்டாக்க இருக்காரு. அதுக்குத்தான் உள்ளூர்ல ஆளில்லை" என்றான். குரல் நடுங்கவில்லை, ஒரு புத்தகத்தைப் புரட்டவில்லை. அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல ஆர்க்யுமெண்ட். எழுதிக்கறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. இந்தப் பிள்ளையைப் பெற்றதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

ஆகையால் கேஸ் ஜெயித்த மாதிரிதான். உத்தரவு இன்றோ நாளையோ வந்துவிடும். தங்கள் சம்மதத்தை எழுதினால், பங்குச் சாமியாரிடம் பேசிக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஏற்பாடு செய்துவிடலாம். தேவமாதா தங்கள் குடும்பத்தைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. செல்வமேரி அனைவருக்கும் விசாரிப்பும், குழந்தை அக்னசுக்கு முத்தமும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மா. இருதயநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. "குமாஸ்தா இருதயநாதன் என்பவரின் வாக்குமூலத்தாலும், நேரில் பார்த்ததாலும், இத்தொழில் தெரிந்தவர் திருச்சி ஜில்லாவிலேயே இருப்பது நிரூபணமாகிறது. மற்றவர்களைப் பழக்கும் பணியை மேற்படி வீரமலையே செய்யலாம். மனு தள்ளுபடி." ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டு இதைத் துரைக்குப் படித்துச் சொன்னான். துரை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, இந்தக் காயிதம் எனக்கு வேணும். ஊர்ல பொண்டாட்டி கேப்பா, இத்தனை நாள் அங்க என்ன கிழிச்சேன்னு. இதைக் காட்டுவேன்" என்றார். காலையிலிருந்து என்னோடு பேசாதிருந்த மகன், "அப்பா, ரெண்டு காப்பி அடிங்க" என்றான். மூன்று அடித்தேன். மூன்றாவது இத்துடன் இருக்கிறது. உருப்படியாக ஒரு கேஸ் வரட்டும் என்றீர்கள். வந்தது, அதைத் தோற்கடித்தவன் நான். அக்னசுக்கு வாய்க்கப்போகும் மாமனார் சரியில்லை என்று வேண்டுமானால் எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையை மட்டும் ஒரு சொல் குறை சொல்லாதீர்கள்.