கிருமிக்குத் தலைமுழுகிய அண்ணாச்சி

இதை எழுதலாமா என்று நாலைந்து வருஷமாகப் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

உலகத்திலேயே கிருமிக்குப் பந்தி போட்ட ஒரே மனிதர் எங்கள் மேலகரத்துக் கிருமி அண்ணாச்சிதான். தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவியவர்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் வீட்டுப் பிள்ளையாருக்கு அபிஷேகம். ஒருநாள் பக்கத்து லாரிப் பட்டறையில் பெயிண்டில் கலக்கும் தின்னர் டிரம் உடைந்து, கிணறுவரை இறங்கிவிட்டது. பிள்ளையாரே தும்மிவிடும் வாடை! “மூடிருவோம்” என்றாள் மனைவி. நான் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “மூடாதீரும்வே! பட்டறை மண்ணுல இதைத் தின்னே வளந்த பயலுவ இருக்கானுவ. பேரே தின்னர்! தின்னத்தானவே?”

அந்த மண்ணைத் துணியில் கட்டி இறக்கினார். ஊறுகாய் மாதிரி கொஞ்சம் யூரியா. மூச்சுவிட மீன்தொட்டி மோட்டார். தினமும் காலையில் கிணற்றுக்குள் குனிந்து, “சாப்ட்டாச்சா?” என்பார்.

“இட்லி இப்பத்தான் வெந்திருக்கு அண்ணாச்சி!” என்பாள் அடுக்களையிலிருந்து என் மனைவி.

நிஜமாகவே வாடை குறைந்தது. அதற்குள் விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டது. சாமிக்குக் கிருமித் தண்ணீரா? யாருக்கும் தெரியாமல் இரண்டு கை ப்ளீச்சிங் பவுடர் அள்ளிப் போட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். “ஒருத்தன் மிச்சமில்லாம போயிட்டானுவளே!” தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகக் குற்றாலம் அருவிக்கு நடந்தார். குற்ற உணர்ச்சியில் நானும் பின்னாலேயே ஓடினேன்.

வரிசையில் ஒருவர் கேட்டார்: “யாரு தவறிட்டாவ?”

“நம்ம பயலுவதான். கோடிப் பேரு!”

மொத்த வரிசையும் பதறி வழிவிட்டது.

“நீங்க?” என்றார் என்னிடம்.

“பங்காளி” என்றேன்.

திரும்பும்போது, பயலுவ எப்படிப் போனானுவ என்று தெருவே விசாரித்தது. “சாரல் குளிரு தாங்கல” என்றார் அண்ணாச்சி. பிறகு என் கையைப் பிடித்து முகர்ந்து, காதோடு சொன்னார்: “அருவியில குளிச்சும் ப்ளீச்சிங் வாடை போகலியேவே!”

மறுபடி மண், மறுபடி யூரியா, மறுபடி “சாப்ட்டாச்சா?” தை பிறந்தபோது தண்ணீரில் வாடையே இல்லை, சோதனைக்குக் கொடுத்ததில் சுத்தம் என்றே வந்தது. முதல் குடத்தைப் பிள்ளையாருக்கு அவர் கையாலேயே ஊற்றச் சொன்னேன்.

போன வருஷம் அண்ணாச்சியும் போய்விட்டார். அதே அருவியில் தலைமுழுகினேன்.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள். அவர் பயலுவளைக் கொன்றது சாரல் இல்லை, நான். அவருக்கு நான் பங்காளி என்பதையும் விட்டுவிடாதீர்கள்.